அது பிடிவாதம் அல்ல!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் என்றைக்காவது ஏறியிருக்கிறீர்களா? அரியாங்குப்பத்தைத் தாண்டி, நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால், சற்று நேரத்துக்கெல்லாம் கண்டக்டர், "தவளக்குப்பமெல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுப்பார். மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம். கிழக்கே போனால் நல்லவாடு, அப்புறம் கடல். நடுவிலே டீக்கடைகளும் பூக்கடைகளும் மருந்துக் கடைகளுமாக எந்நேரமும் ஜேஜே என்றிருக்கும் சந்திப்பு அது.

அந்தச் சந்திப்பில், ஒரு மருந்துக் கடை வாசலில், ஒரு தாயாரை உங்களுக்குக் காட்டப் போகிறேன். அவள் பெயர் வேண்டாம். ஏனென்றால் அவள் ஒருத்தி அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்லுகிறேன்; அவ்வளவுதான். கடையில் கூட்டம் குறையும் வரைக்கும் அவள் ஒதுங்கி நிற்கிறாள். பிறகு மெதுவாகக் கிட்டே போய், "அண்ணே, அந்த டயப்பர்ல பெரிய சைஸ் இருக்குதா?" என்று கேட்கிறாள். "கொழந்தைக்கு என்னம்மா வயசு?" என்கிறார் கடைக்காரர். அவள் பதில் சொல்லாமல் ரூபாயை நீட்டுகிறாள். குழந்தைக்கு வயது ஆறு.

அன்று காலையில்தான் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். "ஏம்மா, பையன் பாத்ரூம் தானா போவானா?" என்று கேட்டார்கள். "சொல்லிக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்" என்றாள் இவள். "நல்லாப் பழகினதும் அழைச்சிக்கிட்டு வாம்மா. இங்க ஆயா ஒருத்தங்கதான் இருக்காங்க" என்று பதில் வந்தது. யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் கதவு மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் மாமியார் காத்திருக்கிறாள். "நான் நாலு பெத்தேன். நாலையும் வருசம் திரும்பறதுக்குள்ள பழக்கிட்டேன். ஒன்னே ஒன்ன வச்சிக்கிட்டு உனக்கு முடியலியே!"

முகத்தைச் சுளிக்கிறீர்களா, நேயர்களே? குடும்பப் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா இது என்று தோன்றுகிறதா? அடுத்த சில பக்கங்களில் தொடர்கதையின் கதாநாயகி உங்களுக்காகக் கண்ணீரும் கம்பலையுமாகக் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளைக் கொஞ்சம் காக்க வையுங்கள். இந்தத் தாயாரும் அழுகிறாள். இவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவதற்கு யாரும் வருவதில்லை. காரணம், நாம் எல்லோரும் முகத்தைச் சுளிப்பதுதான்.

பாட்டிமார் கண்ட வித்தை

மாமியார் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊர்ப் பாட்டிமார் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள். தரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, பாதங்களைச் சற்றே அகட்டி, அவற்றின் மீது கைக்குழந்தையை உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்..." என்று மெல்லச் சத்தம் கொடுப்பார்கள். காலையில் பால் குடித்ததும் ஒரு தரம். தூங்கி எழுந்ததும் ஒரு தரம். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் கேட்டதுமே குழந்தைக்கு வேலை நடந்துவிடும். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே சத்தம். மேல்நாட்டு மனோதத்துவ நூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாராம்சம் இந்த இரண்டு பாதங்களுக்கு நடுவிலே இருக்கிறது.

அப்புறம் குழந்தை வளருகிறது. அண்ணன் போவதைப் பார்த்துத் தானும் போகிறது. சரியாகச் செய்துவிட்டால், "அட, எங் கண்ணு!" என்று அம்மா முகம் மலருகிறது. அந்த மலர்ச்சியை மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்காகவே குழந்தை மறுநாளும் சரியாகச் செய்கிறது. துணி நனைந்தால் அதற்கே பிடிக்கவில்லை. ஆக, பார்த்துச் செய்வது, பாராட்டுக்கு ஆசைப்படுவது, ஈரத்தை வெறுப்பது என்று மூன்று துணைகள் தாயாருக்கு வந்து சேருகின்றன. நாம் பழக்கினோம் என்று பெருமைப்படுகிறோமே, பாதி வேலையை இந்த மூன்றும் செய்துவிடுகின்றன.

நம் தவளக்குப்பத்துப் பையனுக்கு ஆட்டிசம். அவனிடத்தில் இந்த மூன்று துணைகளும் இல்லை, அல்லது மிகவும் குறைவு. அண்ணன் போவதை அவன் கவனிப்பதில்லை. அம்மாவின் முக மலர்ச்சிக்கும் தான் செய்த காரியத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவனுக்குச் சட்டென்று புரிவதில்லை. ஈரம் சில பிள்ளைகளுக்கு உறைப்பதே இல்லை. சில பிள்ளைகளுக்கோ ஒரு சொட்டுப் பட்டாலும் நெருப்புப் பட்டது போல இருக்கும். மாமியாருக்குக் கிடைத்த மூன்று உதவிக்காரர்களும் மருமகளுக்குக் கிடைக்கவில்லை. தனி ஆளாக அவள் மூட்டை சுமக்கிறாள்.

தாயார் மேல் விழுந்த பழி

ஆட்டிசம் என்பது வியாதி அல்ல; பைத்தியமும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேற்றுமை. பேச்சு, பிறரோடு பழகுவது, புலன்களால் உலகை உணருவது ஆகியவற்றில் அது தெரியும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் இருந்த லியோ கன்னர் என்னும் டாக்டர், 1943ஆம் வருஷத்தில் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதை உலகுக்கு விரிவாக எடுத்துக் காட்டியது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு விபரீதத்தை நம் மாமியார்மார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பெற்றோரின் பாசக் குறைவினால்தான் குழந்தைகள் இப்படி ஆகிறார்கள் என்ற அபிப்பிராயம் மேல்நாட்டில் கிளம்பியது. குளிர்பதனப் பெட்டியைப் போன்ற தாய்மார்கள் என்று ஒரு பட்டப் பெயரும் உண்டாயிற்று. புரூனோ பெட்டல்ஹெய்ம் என்பவர் 1967ல் இதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1964ல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்னும் மனோதத்துவ நிபுணர் இது அபாண்டம் என்று ஆதாரங்களை அடுக்கி வாதாடியிருந்தார். அவருடைய சொந்த மகனுக்கே ஆட்டிசம். 1969ல் ஒரு பெற்றோர் கூட்டத்தில் கன்னரே எழுந்து, பெற்றோர்கள் மீது குற்றம் இல்லை என்று சொன்னார். 1977ல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இது பெரும்பாலும் பிறவியிலேயே, பரம்பரையின் வழியாக வருவது என்று காட்டினார்கள்.

டாக்டர்கள் அந்தப் பழியைக் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் வீட்டுத் திண்ணைகளுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை!

ஏன் போக மாட்டேன் என்கிறான்?

"எல்லாம் தெரியும் அவனுக்கு. வேணும்னே செய்யறான். கக்கூஸ்ல அரை மணி உக்காத்தி வச்சா வராது. வெளியில வந்து ரெண்டு நிமிசத்துல பீரோ மறைவுல போய் நின்னுக்கிட்டுப் போவான்!" இப்படிச் சொல்லாத வீடு இல்லை. இதில் பிடிவாதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம்.

முதலாவது, வயிற்றுக்குள்ளிருந்து வரும் சேதி. மூத்திரப்பை நிறைந்தால் உங்களுக்கும் எனக்கும் உள்ளிருந்து ஒரு தந்தி வருகிறது. முதலில் மெதுவாக, பிறகு அவசரமாக. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இந்தத் தந்தி தாமதித்து வருகிறது, அல்லது என்ன சேதி என்று பிரித்துப் படிக்க முடியாமல் வருகிறது. பசியா, வலியா, மூத்திரமா என்று தெரிவதில்லை. தெரிகிறபோது காரியம் மிஞ்சிவிடுகிறது.

இரண்டாவது, அந்த அறை. 2014 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பிறகு கிராமங்களில் ஏராளமான கழிப்பறைகள் எழும்பின. நல்ல காரியம்தான். ஆனால் அந்த அறைக்குள் ஒரு நிமிஷம் ஆறு வயதுப் பையனாக நுழைந்து பாருங்கள். கொல்லைப்புறத்தில் ஒரு சின்ன அறை, மங்கல் வெளிச்சம், தகரக் கதவு சாத்தும்போது தடாரென்ற சத்தம், ஜில்லென்று ஈரத் தரை, பினாயில் நெடி, நடுவிலே எங்கே போகிறதென்று தெரியாத ஒரு இருட்டு ஓட்டை. நமக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. சத்தத்தையும் நெடியையும் பல மடங்காக உணரும் குழந்தைக்கு அது பேய் வீடு. பட்டணத்து வீட்டில் தண்ணீரை இழுத்துவிடும் தொட்டியின் இரைச்சலைக் கேட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளைகள் எத்தனையோ!

மூன்றாவது, மாற்றம் பிடிக்காத சுபாவம். பிறந்தது முதல் ஆறு வருஷமாக டயப்பரில், நின்றபடி, பீரோ மறைவில் போய்ப் பழகியவனுக்கு, அதுதான் உலக நியதி. அதை ஒரே நாளில் மாற்றச் சொல்வது, நாளை முதல் நீங்கள் நின்றுகொண்டே தூங்க வேண்டும் என்று சொல்வதைப் போல. வீட்டில் குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பழகியவன், பாட்டி வீட்டு நாற்காலிக் கழிப்பறையைக் கண்டால் திகைக்கிறானே, அதற்கும் இதுவே காரணம். ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு அவன் தானாக எடுத்துப் போவதில்லை. அங்கேயும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான்காவது காரணம், நமது பேச்சு. அம்மா, "ஆய் வருதா?" என்கிறாள். பாட்டி, "வெளிக்குப் போறியா?" என்கிறாள். அப்பா, "ரெண்டுக்கா?" என்கிறார். பள்ளிக்கூடத்தில், "டாய்லெட் போகணுமா?" என்கிறார்கள். ஒரே காரியத்துக்கு நான்கு பெயர்! 'கக்கூஸ்' என்ற சொல்லே டச்சு பாஷையிலிருந்து வந்தது என்பார்கள். 1693 முதல் 1699 வரை புதுச்சேரியை டச்சுக்காரர்கள் தங்கள் வசம் வைத்திருந்தது சரித்திரம். பல பாஷைக்காரர்கள் வந்து போன சீமையில் நாம் எத்தனை பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பேச்சே கஷ்டமாக இருக்கும் குழந்தை என்ன செய்யும்? "போறியா?" என்று கேட்டால், "போறியா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நிற்கிறது. எதிர்த்துப் பேசுவதாக நினைத்து நாம் முதுகில் ஒன்று வைக்கிறோம்.

இந்த நான்கையும் பார்த்துவிட்டோம். இவற்றில் எதற்காவது பிடிவாதம் என்று பெயர் வைக்க முடியுமா?

மறைந்திருக்கும் சத்துரு

இன்னும் ஒன்று உண்டு. இதைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட மலச்சிக்கல் அதிகம். தயிர் சாதம், பிஸ்கட், அப்பளம் என்று இரண்டு மூன்று பண்டங்களை மட்டுமே தின்று, காய்கறியைக் கண்ணெடுத்தும் பாராத பிள்ளைகள் பலர். தண்ணீரும் குடிப்பதில்லை. மலம் இறுகுகிறது. ஒரு தரம் போகும்போது வலிக்கிறது. வலிக்குப் பயந்து அடுத்த தரம் அடக்குகிறான். அடக்க அடக்க இன்னும் இறுகுகிறது. நுனிக்காலில் எம்பி நிற்பான், கால்களைப் பின்னிக்கொள்வான், மூலையில் போய் முகம் சிவந்து நிற்பான். பார்ப்பவர்களுக்கு, முக்குகிறான் என்று தோன்றும். உண்மையில் அடக்குகிறான்.

இப்படியே நாள்பட்டால் குடலின் கடைசிப் பகுதி விரிந்து, உணர்ச்சி மழுங்கிவிடுகிறது. அடைத்துக்கொண்டிருக்கும் கட்டியைச் சுற்றி மேலேயிருந்து தண்ணீராக மலம் கசிந்து, நிக்கரில் ஓயாமல் கறை படுகிறது. "பேதியாகுது" என்று நினைத்துக்கொண்டு தாயார் கட்டுகிற ஆகாரமாகக் கொடுக்கிறாள்! நோய்க்கு நேர் எதிரான வைத்தியம். இது பேதி அல்ல, வழிந்தோடும் மலச்சிக்கல். இதை அடக்கிக்கொள்ளக் குழந்தையால் முடியாது. எனவே, பழக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் முதலில் டாக்டரிடம் காட்டி வயிற்றைச் சரி செய்துகொள்ள வேண்டும். மலத்தை இளக்கும் மருந்தை டாக்டர் சில மாதங்கள் தொடர்ந்து கொடுக்கச் சொன்னால், நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடக் கூடாது. விரிந்த குடல் பழைய நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கும். மூத்திரம் போகும்போது அழுதாலும், காய்ச்சல் இருந்தாலும் அதையும் காட்ட வேண்டும். வலியுள்ள குழந்தைக்கு எந்தப் பழக்கமும் படியாது.

பழக்குவது எப்படி?

1971ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள், மனவளர்ச்சி குன்றியவர்களின் விடுதி ஒன்றில் ஒரு முறையைக் கையாண்டார்கள். நிறையக் குடிக்கக் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தரம் உட்கார வைத்து, சரியாகச் செய்த மறுகணமே வெகுமதி கொடுத்தார்கள். வருஷக் கணக்கில் பழக்கவே முடியாது என்று கைவிடப்பட்ட பெரியவர்களே பழகிவிட்டார்கள்! இன்றைய முறைகளுக்கெல்லாம் அதுதான் மூலம். ஆனால் அதில் தண்டனைகளும் இருந்தன. தவறிப் போனால் தரையைத் திரும்பத் திரும்பத் துடைக்கச் சொல்வது போன்றவை. அந்தப் பகுதியை இன்றைக்குள்ள நல்ல ஆசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். தண்டனை குழந்தைக்குக் கற்றுக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: மறைவில் போய்ச் செய்வது.

மிஞ்சியதை நம் வீட்டுக்குத் தக்கபடி சொல்லுகிறேன்.

ஒரு வாரம் ஒன்றுமே மாற்றாதீர்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் போதும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்கு நனைத்தான், எப்போது மலம் போனான் என்று குறியுங்கள். வார முடிவில் ஒரு ஒழுங்கு தெரியும். சாப்பிட்ட இருபது முப்பது நிமிஷத்தில் குடல் தானாக அசையும். அது எல்லோருக்கும் உள்ள இயற்கை. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நனையாமல் இருக்கிறான் என்றால் அவன் மூத்திரப்பை தயாராகிவிட்டது. வயதைப் பார்க்காதீர்கள், இந்தக் காகிதத்தைப் பாருங்கள்.

அடுத்தது, அந்தப் பேய் வீட்டைச் சீர் செய்வது. பளிச்சென்ற விளக்கு ஒன்று. காலுக்குக் கீழே ஈரமில்லாத மிதியடி. நெடி குறைந்த சோப்பு. கதவைச் சாத்தாமல் சும்மா சாய்த்து வைக்கலாம். நாற்காலிக் கழிப்பறையானால் கால் தொங்கக் கூடாது; பாதம் ஊன்ற ஒரு மணை போடுங்கள். முழங்கால் உயர்ந்தால் குடல் வழி நேராகிறது. குந்தி உட்காருவதில் நம் முன்னோர் கண்ட சௌகரியம் அதுதான். தண்ணீர் இரைச்சலுக்குப் பயந்தால், குழந்தை வெளியில் வந்த பிறகு ஊற்றுங்கள். ஆண் பிள்ளையானாலும் முதலில் இரண்டுக்கும் உட்காரவே பழக்குங்கள். நிற்பது பிறகு தானே வரும்.

மூன்றாவதாக, படங்கள். காதில் விழும் பேச்சு காற்றோடு போய்விடும். கண்ணால் கண்ட படம் நிற்கும். நிக்கரை இறக்குவது, உட்காருவது, கழுவுவது, நிக்கரை ஏற்றுவது, கை கழுவுவது என்று ஐந்து படம் வரைந்தோ, போனில் எடுத்து அச்சிட்டோ, கழிப்பறைச் சுவரில் குழந்தையின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். பேச்சு வராத பிள்ளையிடம் கழிப்பறைப் படம் ஒன்றைக் கையில் எட்டும்படி மாட்டி வையுங்கள். தேவைப்படும்போது எடுத்து நீட்டினால் போதும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, ஒரே ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அந்த மந்திராலோசனையில் பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! "போலாமா?" என்று கேட்காமல், படத்தைக் காட்டி, "இப்ப பாத்ரூம்" என்று அழைத்துப் போங்கள்.

மூன்று நிமிஷம், மிஞ்சினால் ஐந்து நிமிஷம் உட்காரட்டும். வராவிட்டால் கோபிக்காமல் எழுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் உட்கார வைப்பது சிறைத் தண்டனை. வந்துவிட்டால் அந்த விநாடியே வெகுமதி. சாயங்காலம் மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்பது பிரயோஜனப்படாது. அது எது என்பதும் அவனுக்குத் தக்கபடி இருக்க வேண்டும். கைதட்டி ஆரவாரம் செய்தால் சில பிள்ளைகள் மிரண்டுவிடும். சுழலும் பம்பரம் பிடிக்குமானால் பம்பரம். ஒரு துண்டு முறுக்குப் பிடிக்குமானால் முறுக்கு. அதை இந்தக் காரியத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வையுங்கள்.

தவறி நனைத்துவிட்டானா? பேச்சில்லை, ஏச்சில்லை. துடைத்து, மாற்றிவிட்டு, அடுத்த வேலையைப் பாருங்கள். பட்டன் வைத்த நிக்கர் வேண்டாம். இழுத்தால் இறங்கும் எலாஸ்டிக் நிக்கர் போடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், குறைத்தால் மலச்சிக்கல்தான் வரும். இரவில் படுக்கை நனைவது கடைசியில்தான் நிற்கும். நனைந்தவுடன் மணி அடித்து எழுப்பும் கருவியை அமெரிக்காவில் மௌரர் தம்பதிகள் 1938லேயே விவரித்தார்கள்; பகலில் பழகிய பிறகு டாக்டரைக் கேட்டு அதைப் பற்றி யோசிக்கலாம்.

பீரோ மறைவிலிருந்து ஒரு பிரயாணம்

டயப்பரில்தான் போவேன் என்கிற பையனுக்கு என்ன வழி? டயப்பரைப் பிடுங்கினால் அவன் நாள் கணக்கில் அடக்குவான். ஆகவே டயப்பரோடு கூடவே பிரயாணம் போக வேண்டும். முதலில் பீரோ மறைவுக்குப் பதில் கழிப்பறை வாசலில், டயப்பரோடு, நின்றபடி. அது பழகியதும் கழிப்பறைக்கு உள்ளே, டயப்பரோடு, நின்றபடி. பிறகு டயப்பரோடேயே உட்காருவது. அப்புறம் டயப்பரில் சிறு துவாரம் ஒன்று வெட்டி, உட்காருவது. துவாரம் வாரா வாரம் பெரிதாகிறது. கடைசியில் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டைதான் மிஞ்சும். ஒரு நாள் அதுவும் போய்விடும். கேட்கும்போது சிரிப்பாக இருக்கலாம். இது ஆசிரியர்களும் பெற்றோர்களும் கையாண்டு பலன் கண்ட முறை. ஒவ்வொரு படியும் ஒரு வாரம் ஆகலாம். ஒரு மாதமும் ஆகலாம். அழுகை வந்தால் ஒரு படி பின்னால் போய் நில்லுங்கள்; அதில் தோல்வி ஒன்றும் இல்லை.

இதைத் தாயார் ஒருத்தி தலையில் கட்டக் கூடாது. காலையில் அப்பா, மத்தியானம் பாட்டி, சாயங்காலம் அம்மா என்று முறை போட்டுக்கொண்டால் யாருக்கும் பொறுமை கெடாது. முக்கியமாக அந்தப் பாட்டி! நான்கு பிள்ளைகளைப் பாதத்தில் உட்கார வைத்துப் பழக்கிய கை அது. நேரம் தவறாமையும் ஒரே சத்தமும் அவளுக்குத் தெரிந்த வித்தை. குறை சொல்லும் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு அந்த வித்தையைக் காட்டினால், மருமகளுக்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது.

மூடிய கதவு

இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். ஆயா ஒருத்திதான் இருக்கிறாள் என்று சொன்னது பொய்யாக இராது. ஆசிரியைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகள் இருக்கலாம். அவருடைய சிரமமும் சிரமம்தான். ஆனாலும் சட்டம் வேறு விதமாகச் சொல்லுகிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அவற்றில் ஆட்டிசமும் ஒன்று. அரசாங்கத்தின் பண உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள், குறைபாடு உள்ள குழந்தையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, அதற்கு வேண்டிய தகுந்த வசதிகளையும் செய்து தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. 'பாத்ரூம் பழகிய பிறகு வா' என்ற நிபந்தனை அதில் இல்லை.

சான்றிதழ் வாங்குவதற்கு அரசாங்க ஆஸ்பத்திரியை அணுக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே 2005ல் நிறுவப்பட்ட மத்திய அரசாங்க நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியிலேயே சித்ரா ஷா 2003ல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி இருக்கிறது. 1999ஆம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், 'நிராமயா' என்ற பெயரில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டு கேட்கிற தாயாருக்கும், தெரியாமல் தலை குனிந்து திரும்புகிற தாயாருக்கும் வித்தியாசம் அதிகம்.

இந்த விஷயத்தில் சேலை நனைவதையும் தரை நனைவதையும்விடப் பெரிய கவலை ஒன்று தாய்மார் மனத்தில் உண்டு. வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கு அம்மா கழுவிவிடுகிறாள். பதினாறு வயதில்? தன் உடம்பைப் பிறர் கையில் விட்டே வளரும் பிள்ளை, நல்ல கை எது, கெட்ட கை எது என்று எப்படிப் பிரித்தறியும்? பெண் குழந்தையானால் இந்தக் கவலை இரட்டிப்பு. தானே போய், தானே கழுவிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்று தெரிகிறது. மானம் என்று நாம் சொல்லுகிறோமே, அதில் முதல் பாடம் அந்தச் சின்ன அறையில்தான் நடக்கிறது. இதற்காகவாவது மாதக் கணக்கில், தேவையானால் வருஷக் கணக்கில், பொறுமையாகப் பழக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் முழுக்கப் பழகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலருக்குப் பாதிதான் வரும். பாதி வந்ததும் லாபம்தான்.

நேயர்களில் ஆசிரியர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஜூன் மாதத்தில் ஒரு தாயார் உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, "பையன் பாத்ரூம் தானா போவானா?" என்று கேட்காதீர்கள். "வீட்ல என்ன வார்த்தைம்மா சொல்லிப் பழக்குறீங்க? எத்தனை மணிக்கு ஒரு தரம் அழைச்சிக்கிட்டுப் போகணும்?" என்று கேளுங்கள். அவள் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் காலண்டர் தாளை எடுத்து நீட்டுவாள். அதில் எல்லா விவரமும் இருக்கும்.